நெரெய்தா உட்காராத வண்டி

நெரெய்தா அக்கா எந்த வண்டியைப் பார்க்க வந்தாலும் எடுத்தவுடன் பானெட்டைத் திறக்க மாட்டாள். "விளக்கப் போடு. ஹாரன அடி. அப்புறம் எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்பாள். முதல் இரண்டும் நடக்கும். மூன்றாவது நடந்து நான் பார்த்ததில்லை. கிளம்பாத கார் ஒன்று நின்றுவிட்டால், ஹவானாவில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

பஸ் டிப்போவில் எலெக்ட்ரிக் வேலை பார்த்தவள். இப்போது வீட்டு வாசலிலேயே தொழில். இரண்டு ஒயர் பற்றவைத்த பழைய பிரேக் விளக்கு பல்பு ஒன்றுதான் அவளுடைய பெரிய கருவி. மற்றதெல்லாம் விரல்கள். ஒயர்களைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவாள், சூடு எங்கே இருக்கிறது என்று.

அவள் பார்க்கும் வண்டிகளில் ஒன்று மட்டும் தனி ரகம். முன்னாள் கணவன் கவுதென்சியோவின் ஐம்பத்திரண்டாம் வருஷத்துச் செவர்லே, கூரை திறக்கும் கார். பிரிந்தபோது வீடு அவளுக்கு, வண்டி அவனுக்கு என்று பேச்சு. "இனிமே அந்த வண்டியில உக்காந்தேன்னா என் பேரு நெரெய்தா இல்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். வண்டிக்கு என்ன வந்தாலும் பார்ப்பாள், ஆனால் வெளியே நின்றபடி கதவுக்கு மேலாகக் கையை நீட்டித்தான் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துவாள்.

அவர்கள் மகள் யுலைமிக்குப் பதினைந்து வயது நிறைந்தது. எங்கள் ஊரில் அது கல்யாணத்தைவிடப் பெரிய நாள். குடை மாதிரி விரிந்த கவுன் போட்டுக்கொண்டு, திறந்த காரில் கடற்கரைச் சாலையில் போய், இடத்துக்கு இடம் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே கவுதென்சியோ வண்டிக்குப் புது நீலம் அடித்திருந்தான். படகுக்குப் பெயின்ட் அடிக்கும் உறவுக்காரன் கொடுத்தது. பானெட்டுக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில்கூட அடித்திருந்தான்.

அன்று மத்தியானம் பொத்தானை அழுத்தினால் 'டக்'. அதோடு சரி.

"பாட்டரி செத்துடுச்சு" என்றான். பக்கத்து வீட்டு பாட்டரியை மாட்டினோம். மறுபடியும் 'டக்'. நாலு பேர் சேர்ந்து சரிவில் தள்ளினோம், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அவ்வளவுதான்! தள்ளினா கிளம்புதுல்ல?" என்று கவுதென்சியோ முகம் மலர்ந்தான்.

மாடிப்படியிலிருந்து யுலைமி சொன்னாள்: "ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தணும்ப்பா. எல்லா போட்டோலயும் எனக்குப் பின்னாடி நாலு பேரு வேர்த்து வடிஞ்சு நிப்பாங்க. நான் வரல." படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கவுன் படி முழுக்கப் பரவியதால் யாரும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

கவுதென்சியோ வாடிய முகத்தோடு எஞ்சினை அணைத்தான். அக்கா தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு வெளியே வந்தாள்.

"வாங்க டாக்டரம்மா" என்றான் அவன்.

"யாருக்கு வைத்தியம், வண்டிக்கா, உனக்கா? விளக்கப் போடு."

விளக்கு பளிச்சென்று எரிந்தது. கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். 'டக்'. விளக்கு மங்கவில்லை.

"ஸ்டார்ட்டர் சுத்துனா விளக்கு மூஞ்சி வாடணும். இது வாடவே இல்ல. பாட்டரிகிட்ட தெம்பு இருக்கு, எங்கயோ வழி அடைச்சிருக்கு" என்று இன்னும் நாலைந்து தடவை அழுத்தினாள். பிறகு விரல்களை டாஷ்போர்டில் ஓடவிட்டவள், சோக் குமிழைத் தொட்டதும் கையை உதறினாள்.

"பாவி! சோக் எதுக்குய்யா சுடுது?"

"வெயில்" என்றது ஒரு குரல். "கண்ணு பட்டிருக்கு" என்றது இன்னொன்று.

"கரண்டு எஞ்சின்லேந்து பாட்டரிக்குத் திரும்பியாகணும். அதுக்குத் தடியா ஒரு செம்புப் பட்டை இருக்கு. அந்த வழி மூடிக்கிச்சு, அதான் இந்த ஒல்லி சோக் கம்பிக்குள்ள முண்டியடிச்சிக்கிட்டு வருது."

பானெட்டைத் திறந்து, தடித்த கேபிள் ஒன்றை எஞ்சினிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்கு நேராகப் பிடித்து, "இப்ப அழுத்து" என்றாள். எஞ்சின் உறுமியது. கைதட்டல் எழுந்தது. அவள் தட்டவில்லை, உடனே அணைக்கச் சொன்னாள்.

"பெயின்ட் அடிக்கும்போது அந்தப் பட்டையக் கழட்டுனியா?"

"கழட்டாம எப்படி அடிக்கிறது? நல்லாக் காயவெச்சுத்தான் திரும்பப் பூட்டினேன்."

"பட்டை உக்கார்ற எடத்துலயும் அடிச்சியா?"

தெரு முதல்முறையாக வாயை மூடியது.

"ரெண்டு கோட்டு" என்றான் கவுதென்சியோ, சன்னமாக.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். உப்புத்தாளை அவன் கையில் வைத்தாள். "பெயின்ட்டு வழியா கரண்டு போகாது. நீயே தேய். நான் தேய்ச்சா, பெயின்ட்டச் சுரண்டிட்டேன்னு ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவ."

நாணயமளவு இடம். அவன் தன் கன்னத்தையே மழிப்பதுபோல அவ்வளவு மெதுவாகத் தேய்த்தான். நீலத் தூள் உதிர்ந்து இரும்பு வெளுத்தது. பட்டையை வைத்து போல்ட்டை முறுக்கிப் பூட்டினார்கள். கேபிள் இல்லாமலே, தொட்டவுடன் கிளம்பியது.

யுலைமி கவுனை அள்ளிக்கொண்டு வந்து பின்சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். துணி பறக்காமல் பிடித்துக்கொள்ள என்னைக் கீழே திணித்தார்கள்.

கவுதென்சியோ கிளம்பவில்லை. பானெட்டையே பார்த்தபடி, "நடுவுல நின்னுட்டா?" என்றான்.

"நிக்காது."

"நின்னா?"

"அம்மா, நின்னா நான் தள்ள மாட்டேன்" என்றாள் யுலைமி.

அக்கா உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அந்தப் பட்டைக்காகத்தான் வரேன்" என்று முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

தெருமுனை திரும்பியதும் கவுதென்சியோ கேட்டான்: "இப்ப உம்பேரு என்ன?"

"வாய மூடிக்கிட்டு ஓட்டு."

இடத்துக்கு இடம் நிறுத்தினோம், படம் எடுத்தோம், தொட்டவுடன் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் விரல்கள் சோக் குமிழ்மேலேயே இருந்தன. வீடு திரும்பி இறங்கும்போது நானும் அதைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.