எதிரே வராமல் நடப்பது

சர்க்கரை நோயாளிகளை நடக்க வைப்பது எப்படி என்று ஆராய்வதற்காகப் பெரம்பலூரிலிருந்து ஒரு குழு, ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தது. என்னையும் அடுத்த வீட்டில் இருக்கும் என் கொழுந்தனாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் என் கால் விரலில் ஒரு புண் வந்து, ஆறுவதற்குள் என்னை ஆட்டிப் படைத்திருந்தது. தினமும் நடந்தால் கால் தப்பும் என்றார் குழுவின் டாக்டர். அந்தப் பயமே போதும். யாரும் என்னை ஊக்குவிக்கத் தேவையில்லை.

விடியற்காலையில் முந்திரித் தோப்பு வரை போய்வந்தேன். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கொழுந்தனார் வாசலில் வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்கள்லாம் போயிட்டு வந்தப்பறம் நீங்க நடங்களேன். நாலு பேரு காரியமா கெளம்புற நேரம்."

அவர் அண்ணன் இறந்து அப்போது இரண்டு வருஷம். தாலியறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்பதைத்தான் அத்தனை மரியாதையாகச் சொன்னார். அன்று காலை என்னைப் பார்த்ததும் அவரே வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்து வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. கல்யாணமாகும் வரை அந்த மனுஷன் சாப்பிட்டது என் கையால்தான்.

அவர்கள் எல்லாரும் திரும்பிய பிறகு என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தேன், தலை சுற்றியது. விட்டுவிட்டேன்.

குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். "ஏம்மா நடக்கல? நேரம் இல்லையா, மூட்டு வலியா, ஆர்வம் இல்லையா?"

"நான் எதிர்ல வந்தா ஊருக்கு ஆவாதும்மா" என்றேன்.

"அப்ப ஆர்வம் இல்லன்னு போட்டுக்கறேம்மா" என்றாள். நல்ல பெண்தான். அவள் தாளில் இருந்த பதில்கள் அந்த மூன்றுதான்.

கடைசியில் ஜெயங்கொண்டத்தில் ஒரு மண்டபத்தில் விழா வைத்தார்கள். விடாமல் நடந்தவர்களுக்குச் சால்வை. கொழுந்தனாருக்கும் ஒன்று. மைக்கைப் பிடித்து, "மனசு வச்சா யாரு வேணும்னாலும் நடக்கலாங்க" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "பக்கத்து வீட்லயே இருக்கார். அவரப் பாத்தாவது கத்துக்கக் கூடாதாம்மா?" என்றதும் மண்டபமே சிரித்தது. கொழுந்தனாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

மறுநாள் அவர் கிளம்பும் நேரம் பார்த்து நானும் கிளம்பினேன். தண்ணீர் குடிக்கத் திரும்பினார். அடுத்த நாளும் திரும்பினார். கொஞ்ச நாளில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அவருக்கு ஏறிவிட்டது. அவர் மனைவி காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று, என் காதில் விழவேண்டும் என்றே யாரிடமோ சொன்னாள்: "தெனம் அந்த மூஞ்சில முழிச்சா ஏறாம என்ன செய்யும்?"