யன்னல் பக்கம் பூத்த கள்ளி

இன்று யேர்மனியின் பீலெஃபெல்ட் நகரப் பூக்கடையில், கிறிஸ்மஸ் காலத்தில் பூக்கும் நத்தார்க் கள்ளி ஒன்றைக் கண்டேன். முள்ளும் இல்லை, இலையும் இல்லை, இலைபோலத் தட்டையான தண்டுகள் கண்ணிகண்ணியாகக் கோத்துத் தொங்கின. உடனே, இப்போது இடித்துக் கார்த் தரிப்பிடமாக்கிவிட்ட எங்கள் அகதி விடுதியின் பொதுச் சமையலறையும், நீராவி வழியும் அதன் யன்னலும் நினைவில் எழுந்தன.

நாங்கள் வந்து ஒன்பதாவது வாரம், மார்கழி மாதம். எதிர்ச்சுவரில் மாட்டிய முருகன் படத்துக்கு ஒரு பூ இல்லையே என்று தவித்திருந்த அம்மா, யன்னலோரம் சட்டியில் நின்ற இதேபோன்ற கள்ளி மொட்டு விட்டதும், அவை சாமியைப் பார்க்கட்டும் என்று சட்டியைத் திருப்பிவைத்தார். வெளிச்சத்தின் திசை மாறினால் அந்தச் செடி மொட்டை உதிர்த்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த மார்கழியில் சட்டியைத் தொட ஒருவரையும் அவர் விடவில்லை. படத்தைக் கழற்றி, செடிக்குப் பின்னால் யன்னல் கண்ணாடியோடு சாத்திவைத்தார்.

“அக்கா, முருகன் குளிரிலை விறைக்கப் போறார்” என்று சிரித்தார் பக்கத்து அறைச் செல்வம் அண்ணை.

“விறைக்கட்டும். செடியைத் திருப்ப ஏலாது, சாமியைத் திருப்பலாம்தானே?”

அந்த வாரமே ஊதாச் சிவப்பில் ஏழு பூக்கள் விரிந்தன, எல்லாம் முருகனின் முகத்துக்கு நேராக. நாங்கள் அவற்றின் முதுகைப் பார்த்தபடி கும்பிட்டோம்.