கொய்யா இலையில் நான் கண்ட திருநீறு

அம்மனை நம்பும் அக்கா தங்கச்சிகளே, இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. மறைத்தால் மனசு ஆறாது என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் வசந்தா. எர்ணாவூர் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. வாசலோரம் ஒரு கொய்யா மரம் வளர்க்கிறேன். போன ஆடியில் அதன் இலைகளுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. அம்மன் திருநீறு கொடுத்துவிட்டாள் என்று கத்தி, தெருவையே கூட்டிவிட்டேன். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினேன். கற்பூரம் காட்டினேன். வந்தவர்கள் என்னையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. உண்மை அதுதான்.

பக்கத்து வீட்டு தேவகி அக்கா மீன் விற்பவர். அவருக்கும் சுவரோரம் இரண்டு கொய்யா மரங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் பழங்கள்தான் அவருக்குக் கைகொடுக்கும். அன்று கூடையை இறக்கிவிட்டு வந்து, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா வசந்தா, இது துன்னூறு இல்ல, பூச்சி. எறும்பு ஏறிகினு கீது பாரு. கய்வி வுடு.”

“மீன் கவுச்சியோட ஆத்தா கிட்ட வராத. தள்ளிப் போ!”

பத்துப் பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதத்தில் இலையெல்லாம் பிசுபிசுத்து, கரி பூசியதுபோல் கறுத்தது. பிஞ்சுகள் உதிர்ந்தன. கும்பிட வந்தவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அந்த வெள்ளை அக்காவின் மரங்களிலும் ஏறியது. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அவர் வாசல்வரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருமுனைக் கோயிலில் நின்று அழுதேன்.

“தாயே, என் மரம் போனா போவுது. அக்கா வயித்துல அடிச்சிட்டேன். அதோட மரத்த காப்பாத்திக் குடு.”

வீடு திரும்பினால், என் வாசலில் தேவகி அக்கா வாளியோடு நிற்கிறார். அது மாவுப்பூச்சியாம். பூச்சிமருந்துக் கடையில் இலையைக் காட்டிக் கேட்டு வந்திருக்கிறார்.

“என் மரத்துக்கு மட்டும் அடிச்சா, ஒன் மரத்துலேர்ந்து மறுபடி வந்துரும். ரெண்டுக்கும் அடிக்கணும். இது மீன் எண்ணெய் சோப்பு. கவுச்சி அடிக்கும். ஆத்தா கிட்ட கொண்டாரலாமா?”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அனுமதி கேட்டார். அங்கேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மஞ்சள் துணியை நானே அவிழ்த்தேன். கைக்கு எட்டிய இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன். எட்டாத இடத்துக்கு அக்கா தெளித்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்தோம். மூன்று மரங்களும் துளிர்த்தன. இந்த வருடத் தடைக்காலத்தில் அக்கா கூடை கூடையாகப் பழம் விற்றார்.

நம்பிக் கேளுங்கள், அம்மன் கொடுப்பாள். யார் கையில் கொடுத்து அனுப்புகிறாள் என்று பார்த்து மட்டும் மூக்கைச் சுளிக்காதீர்கள். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் அக்கா மீன் விற்றுவிட்டு நேராகக் கோயிலுக்கு வருகிறார். அவர் கும்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கூடையை நான்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.