மலையேறிய ஊர்

எட்டாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்காக ஆளுக்கொரு நாடு என்று சீட்டு குலுக்கிப் போட்டபோது தோழிகளுக்கு ஜப்பானும் பிரான்சும் விழுந்தன. எனக்கு ஹோண்டுராஸ். அழாத குறையாக பிரவுசிங் சென்டரில் தேடியதில், அங்கே ஆற்றோரம் இருந்த சின்னஞ்சிறு நகராட்சி ஒன்றின் வரலாறு அரைப் பக்கத்துக்குக் கிடைத்தது. பெருவெள்ளம் வந்ததும் ஊரையே மலைச்சரிவுக்கு மாற்றிக்கொண்டார்களாம். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. விருத்தாசலத்து வெயிலில் பள்ளிக்கு நடந்துகொண்டே அந்த ஊரின் மழையில் நனைந்தேன்.

அப்பாவுக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை. அவர் கொண்டுவந்த மண்ணில் தீப்பெட்டி அளவு வீடுகள் செய்தேன். பொம்மைகளோடு அவையும் சூளையில் வெந்து வெள்ளை வெளேரென்று வந்தன. வரிசை மாறாமலிருக்க அடியில் எண் போட்டேன். ஆற்றோரம் அடுக்கி வைத்து, வரலாற்றைச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மலைக்குத் தூக்கி வைப்பதாகத் திட்டம்.

கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த மாமாவுக்குத்தான் முதலில் செய்து காட்டினேன். அவர்கள் ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கிறார்கள், மாற்று மனையை ஆளுக்கொரு மூலையில் தருகிறார்கள் என்று வீட்டில் பேச்சு. மழை வரும் என்று ரேடியோவில் சொல்வதைப்போல அதுவும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

“ஏம்பாப்பா, பக்கத்து வூட்டுக்காரங்க அங்கியும் பக்கத்துலயேதான் இருந்தாங்களா?”

“ஆமா மாமா. அதே வரிசை.” எண் போட்டது நான்தான் என்று சொல்லத் தோன்றவில்லை.

“நெசமாவா? கம்ப்யூட்டர்ல போட்டிருக்குதா?”

“போட்டிருக்குது மாமா!”

“கேட்டியாக்கா? தெருவக் கலைக்காமக் குடுத்திருக்கான். நாங்க கேட்டா மட்டும் முடியாதுங்கறான்.”

“அந்த ஊருக்கும் ஒனக்கும் இன்னாடா சம்பந்தம்? டீ ஆறுது, குடி,” என்றாள் அம்மா.

மறுவாரம் அதிகாரிகள் வரும் கூட்டத்தில் காட்ட மாமா வீடுகளைக் கேட்டார். வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, ஒரு கையால் அணைத்தபடி வண்டியை ஓட்டிப் போனார். கூட்டத்தன்று வகுப்பில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. என் ஊர் எத்தனை பேர் முன்னால் மலையேறிக்கொண்டிருக்குமோ!

சாயங்காலம் பெட்டியோடு வந்தார்.

“காட்டினீங்களா மாமா? இன்னா சொன்னாங்க?”

“சிரிச்சாங்க பாப்பா.” என் முகத்தை ஒருதரம் பார்த்தார். “வூடெல்லாம் ரொம்ப அழகா இருக்குதுன்னாங்க.”

அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள்! தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மாமா அப்போதும் செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பசிபோல என்று நினைத்துக்கொண்டேன்.