செங்கமலம் பார்த்த நிழல்

செங்கமலத்திடம் கைக்கடிகாரம் கிடையாது. சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாகச் சத்துணவு சமைக்கிறாள். அங்கே கொடிக்கம்பத்தின் நிழல்தான் அவளுக்கு மணி காட்டும். நிழல் சுருங்கி வேப்பமரத்து வேருக்கு வந்தால் உலை வைப்பாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பினால் அரிசி போடுவாள். மேகம் மூடிய நாட்களில் மட்டும் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

புருஷன் இல்லை. மகன் மறைமலை நகரில் ஷிப்டு வேலை. வருஷத்துக்கொரு முறை பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனால் பாத்திரங்களோடு இவளும் போவாள். ஓட்டலில் நாற்பது பேருக்குக் கட்டாது என்பதால், போகும் வழியில் மர நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, கல் கூட்டிச் சமைப்பது வழக்கம். மைசூர் பார்த்தவள் என்று ஊரில் அவளுக்குப் பேர். அவள் பார்த்தது அரண்மனையின் பின்சுவரையும் ஒரு தண்ணீர்க் குழாயையும்தான். மதுரையிலும் அதே கதை.

1991 ஜனவரிக் கடைசியில் ஒன்பதாம் வகுப்பைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்கள். வண்டி திண்டிவனம் தாண்டியதும் வரலாற்று ஆசிரியர் இராமச்சந்திரன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரிய கோயில் கோபுரத்தோட நிழல் தரையில விழாது. எல்லாரும் நோட்டுல எழுதிக்குங்க."

கடைசி சீட்டில் அண்டாவைக் காலால் அணைத்தபடி உட்கார்ந்திருந்த செங்கமலம் கேட்டாள்.

"எந்த நேரத்துல சார் விழாது?"

"எந்த நேரத்துலயும்."

"அப்ப அந்த ஊர்ல எப்டி சார் உலை வெக்கிறாங்க?"

வண்டியே சிரித்தது. டிரைவர் அப்பாவு கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "யக்கா, அந்த ஊர்ல கடியாரம் கீதுக்கா."

அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. துடைப்பத்தை நட்டு வைத்தாலும் நிழல் விழுகிறது. அவ்வளவு உயரத்துக்குக் கல்லை அடுக்கி வைத்தால் அதன் நிழல் எங்கே போகும்? இந்தத் தடவை உள்ளே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மறுநாள் விடியும்போதே வண்டி திருச்சிக்குக் கிளம்பிவிடும். இன்று சாயங்காலத்தை விட்டால் இல்லை.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். மதியச் சாப்பாட்டோடு ராத்திரிக்கான புளிச்சோற்றையும் கிளறி எடுத்துக்கொண்டால் தஞ்சாவூரில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

விருத்தாசலம் தாண்டி ஒரு புளியந்தோப்பில் வண்டி நின்றது. ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார் ஆசிரியர். செங்கமலம் வண்டி நிழலின் மூலையைப் பார்த்தாள். ஒரு மணிக்கு அது எங்கே வரும் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தபோது நிழல் கல்லுக்கு வந்திருக்கவில்லை. நேரம் இருக்கிறது என்று ராத்திரிக்கான அரிசியைக் களைந்து ஊற வைத்தாள். இரண்டாவது உலை சலசலக்கத் தொடங்கியது.

"செங்கமலம், மணி ஒன்னே முக்கால்! இன்னும் இன்னா பண்ற?"

அவள் கல்லைப் பார்த்தாள். நிழல் இன்னும் ஒரு சாண் தள்ளியே இருந்தது.

"இல்லியே சார். நிழலு இன்னும் வர்லியே."

அப்பாவு சீட்டில் படுத்தபடியே தலையைத் தூக்கினான். "மூஞ்சியில வெயில் அடிச்சுதுன்னு வண்டிய ரெண்டு முழம் பின்னால எடுத்தேங்க்கா. அதுக்கா இம்மாம் கலாட்டா?"

"அடப்பாவி! நீ தூங்கறதுக்கு என் மணியே தள்ளிப்பூட்டியே!"

உலைநீரைக் கொட்டினார்கள். ஊறின அரிசி வாளியோடு வண்டி ஏறியது. வழியெல்லாம் அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். சீக்கிரம் வேக வைக்காவிட்டால் புளித்துவிடும். தஞ்சாவூரில் இறங்கியதும் ஆசிரியர் அதையேதான் சொன்னார்.

"அரிசி வீணாயிடும். நீ இங்கயே அடுப்பு மூட்டு. நாங்க பாத்துட்டு வந்துடறோம்."

அகழியோரம் வண்டி நின்ற இடத்தில் அடுப்பு கூட்டினாள். அங்கிருந்து பார்த்தால் முன்வாசல் கோபுரம்தான் தெரிந்தது. அரிசி கொதி வந்தபோது சசிகலா என்ற மாணவி தண்ணீர் குடிக்க வண்டிக்கு வந்தாள்.

"நிழலு விழுதா பாப்பா?"

"விழாது ஆயா. எழுதிட்டேனே."

"நீ பாத்தியா?"

சசிகலா கொஞ்சம் யோசித்தாள். "பாக்கல ஆயா."

செங்கமலம் துடுப்பை அவள் கையில் கொடுத்தாள். "கிண்டிகினே இரு. தோ வந்துடறேன்."

செருப்பைக்கூட வாசலில்தான் நினைவு வந்து கழற்றினாள். இரண்டு வாசல் தாண்டியதும் பெரிய முற்றம். எதிரே அது நின்றது. கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள், பிறகு குனிந்து தரையைத் தேடினாள். தேடவே வேண்டியதில்லை. புல்லின் மேலும் கல்தளத்தின் மேலும் உட்கார்ந்திருந்த சனத்தின் மேலும் ஒரு கருப்பு சாய்ந்து கிடந்தது. வடகிழக்கே போய்ச் சுற்று மண்டபத்தின் மேல் ஏறியிருந்தது.

நிழல் மண்டபத்தைத் தொட்ட இடத்துக்கு அவள் போனாள். கால் பட்ட கல் குளிர்ந்திருந்தது. ஒரு காலின் விரலைத் தொட்டு மறுகாலின் குதிகாலை வைத்து, ஒன்று, இரண்டு என்று கோபுரத்தைப் பார்க்க நடந்தாள். பிள்ளைகள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஆசிரியரும் வந்துவிட்டார்.

"இன்னா செங்கமலம் இது?"

"விழுது சார். எண்ணிக்கினு கீறேன். எழுவத்தி ஒன்னு, எழுவத்தி ரெண்டு."

அவர் தரையைப் பார்த்தார். மேலே பார்த்தார். "மதியத்துலதான் விழாதுன்னு சொல்வாங்க."

"மதியத்துல நம்ம கொடிக்கம்பத்துக்கே நிழலு சுருங்கித்தான சார் கெடக்கும்? எம்பத்தி நாலு."

ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பையனிடம் பென்சில் வாங்கினார்.

அப்போது வாசல் பக்கமிருந்து துடுப்பும் கையுமாக சசிகலா ஓடி வந்தாள். "ஆயா! சோறு அடிப்பிடிக்குது ஆயா!"

அன்று இரவு எல்லோரும் தீய்ந்த வாடையோடு புளிச்சோறு தின்றார்கள். "நிழல் சோறுக்கா இது," என்றான் அப்பாவு. சசிகலா நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டுச் செங்கமலத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி அடின்னு எழுதட்டும் ஆயா?"

"நூத்தி நாலு வரைக்கும் எண்ணினேன். அப்பதான நீ கத்தின?" அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டே செங்கமலம் சொன்னாள். "நூத்தி நாலுக்கு மேலன்னு எழுதிக்கோ."