மூன்று பத்துக்கு எழுந்தது யார்

தூக்கம் கெட்டவன் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். நானே நம்ப மாட்டேன். அதனால் இங்கே வரும் நேரங்கள் எதையும் நினைவிலிருந்து எழுதவில்லை. எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. நீல அட்டை, பால் கறை படிந்த ஓரங்கள். இதை எழுதும்போதும் என் இடது கைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. நடந்தது இது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எங்கள் மகனுக்கு அப்போது ஏழு மாதம். நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஆபீசர். இரவில் மணி அடித்தாற்போல எழுந்து, எங்களை வரவழைத்து, வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்து முகம் சுளிப்பான்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை. சீட்டில் எழுதியிருக்கும் பவருக்கு லென்ஸை எடுத்து, பிரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்து, திருகு முடுக்கிக் கொடுக்க வேண்டும். சிலருக்கு லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதும் சீட்டில் இருக்கும். அது பிசகினால் போட்டுக்கொள்பவருக்குத் தரை சாய்ந்து தெரியும். அந்த மாதம் நான் இரண்டு பேருக்குத் தரையைச் சாய்த்துவிட்டேன். இரண்டாமவர் ஒரு ஆசிரியை. படியில் கால் தவறி, முட்டியில் கட்டோடு கடைக்கு வந்து நின்றார்.

முதலாளி கத்தவில்லை. "தம்பி, குழந்தை பொறந்தா எல்லாரும்தான் முழிக்கறோம். மூணாவது ஆளு விழுந்தா, நீ வீட்லயே இருந்து முழிச்சுக்கோ" என்றார்.

என் மனைவிக்குக் காலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு தண்ணீர் கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்கும் வேலை. "பகல்ல ஊர்க்காரங்க கம்ப்ளெயின்ட். ராத்திரி ஆபீசர் கம்ப்ளெயின்ட். என் கம்ப்ளெயின்ட்ட எந்த நம்பருக்குப் போன் பண்ணி சொல்றது?" என்பாள். சொல்லி முடிக்கும்போது கண் சொருகியிருக்கும். ஒரு நாள் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். ஊசி விரலுக்கும் துணிக்கும் நடுவில் அப்படியே நின்றது.

கல்யாணத்துக்கு முன்பு நான் தடித்தடி மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுவேன். அவற்றில் பேய்கள் பனி பெய்யும் ஊர்களில், நாற்பது அறை கொண்ட மாளிகைகளில் வரும். எங்கள் வீடு இரண்டாவது மாடியில், இரண்டே அறை. பேய் வந்தால் நிற்கக்கூட இடம் கிடையாது என்று அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

குழந்தைகள் மையத்தில் எடை பார்க்கும் நர்ஸ் அக்காதான் எங்களுக்கு வழி சொன்னார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்துக்கறீங்க பாருங்க, அதான் தப்பு. முறை போட்டுக்குங்க. ராத்திரி பேசவே கூடாது. பேசினா சண்டை வரும், சண்டை வந்தா தூக்கம் போயிடும். லைட்டும் போடாதீங்க. எழுந்தவங்க நேரத்தையும் பால் அளவையும் நோட்டுல எழுதிட்டுப் படுங்க. கனவு வந்தா அதையும் ஒரு வரி எழுதுங்க."

"கனவு எதுக்கு அக்கா?"

"கனவு வருதுன்னா தூங்கறீங்கன்னு அர்த்தம். உடம்பு என்ன கேக்குதுன்னும் தெரியும்ல?"

அப்படியே செய்தோம். பத்து முதல் இரண்டு மணி வரை நான். இரண்டு முதல் ஆறு வரை அவள். தொட்டில் முன்னறையில். பக்கத்தில் சின்ன மேசை. அதன்மேல் நோட்டும் பேனாவும். இருட்டில் எழுதுவதால் இரண்டு பேர் கையெழுத்தும் கோழி கிளறியது போல ஒன்றாகவே இருக்கும்.

முதல் வாரத்து வரிகளைப் படித்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"12.30. நூற்றிருபது மில்லி. கனவு: லென்ஸ். நிறைய லென்ஸ்." இது நான்.

"5.40. நூறு. கனவு: குழாயில் தண்ணீர் வரவில்லை. நானே எனக்குப் போன் செய்து திட்டினேன்." இது அவள்.

ஒன்பதாவது நாள் காலையில் ஒரு புதிய வரி இருந்தது.

"3.10. குடித்தான். கனவு: இல்லை. நான் தூங்கவில்லை."

மூன்று பத்து அவளுடைய முறை. பாவம், அப்புறம் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் பாத்திரம் தேய்க்கும் முறை வந்த நாட்களில் நானே தேய்த்து வைத்தேன். அவளும் என்னிடம் திடீரென்று அன்பாக இருந்தாள். என் சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டினாள். ஒரு நாள் காலையில், "தேங்க்ஸ்டா" என்றாள். பாத்திரத்துக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன். கனவும் மாறியது. லென்ஸ்கள் போய்விட்டன. கனவில் நான் மிகச் சின்னதாக இருக்கிறேன். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடக்கிறார்கள். எனக்கு எடையே இல்லை. அண்ணாந்து பார்த்தால் ஒரு தாடை மட்டும் தெரிகிறது. முகம் தெரிவதில்லை. விழிக்கும்போது அழுகை வரும்போல இருக்கும். நல்ல அழுகை.

இருபத்திரண்டாவது நாள் ஆபீசரை எடை பார்க்கத் தூக்கிப் போனோம். நர்ஸ் அக்கா முள்ளை இரண்டு முறை பார்த்தார்.

"மூணு வாரத்துல ஒரு கிலோ நானூறு ஏறியிருக்கான். இவனுக்கு என்னதான் குடுக்கறீங்க?"

நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"ஆமா, இந்த மூணு பத்து யாரு? பாவம், தூங்கறதே இல்ல போலிருக்கே."

நான் அவளைக் கை காட்டினேன்.

அதே நொடியில் அவள் என்னைக் கை காட்டினாள்.

"நல்ல ஜோடி" என்று நர்ஸ் அக்கா சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள்.

"என் முறையில எனக்காக நீ எழுந்துக்கறேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு எழுந்துக்கறேன்? உன் முறைதானே."

"காலைல நான் மூணு பாட்டில்தான் கழுவறேன். தினமும் மூணு. ராத்திரி நாலு தடவை குடிக்கறான்."

நான் நோட்டைத் திறந்தேன். மூன்று பத்து வரிகள் எதிலும் மில்லி கணக்கு இல்லை. வெறும் 'குடித்தான்'. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவள் எழுதிய கனவுகள். "சின்னதாக இருந்தேன். யாரோ தூக்கிவைத்திருந்தார்கள்." என் கனவு. ஒரே தேதிகள்.

அன்று இரவு கதவைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் கொக்கிகளையும் பார்த்தேன். கட்டிலில் படுத்தால் திறந்த கதவு வழியாகத் தொட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். இரண்டு பேரும் தூங்காமல் காத்திருப்பதாக ஏற்பாடு. டீ போட்டுக் குடித்தோம். 12.30-க்கு நான் பால் கொடுத்தேன். 2.40-க்கு அவள் தலை சாய்ந்தது. தொட்டு எழுப்பினேன்.

3.05. தெருவில் ஒரு வண்டி போனது.

3.08. ஆபீசர் முனகினான்.

3.09. அழுகை.

எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலைத் தரையில் வைத்து, எட்டு அடி நடக்க வேண்டும்.

"நீ போ" என்றாள், காற்றுக் குரலில்.

"உன் முறை" என்றேன்.

இதைச் சொன்னதற்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

3.10.

அழுகை நின்றது.

குழந்தைகளின் அழுகை விம்மி விம்மித்தான் அடங்கும். இது அப்படி அடங்கவில்லை. பாதியில் அறுந்தது. யாரோ கையில் வாங்கிக்கொண்டதுபோல...

பிறகு ஒரு சத்தம்.

மொடக்... மொடக்...

குடிக்கிறான்.

பிறகு தரையில் வெறுங்கால். சர்... சர்... ஜன்னல் வரை. திரும்பித் தொட்டில் வரை.

தொட்டிலின் கால்மாட்டை ஏதோ மறைத்தது. விலகியது.

அவள் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

பேனா.

கிறுக்... கிறுக்...

நின்றது.

நான் எழுந்து போகவில்லை. அவளும் போகவில்லை. அப்புறம் நடந்ததைச் சொன்னால் பேயைவிட எங்களைப் பார்த்துத்தான் பயப்படுவீர்கள். நாங்கள் தூங்கிவிட்டோம். இரண்டு பேரும். விடியும்வரை.

காலையில் நோட்டில் இருந்தது: "3.10. குடித்தான். நீங்கள் தூங்குங்கள்."

ஆபீசர் கன்னம் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தேன்.

"எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி" என்றாள்.

"எனக்குப் பத்துக்கு" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். இன்னும் பதினோரு இரவுகள் அப்படியே விட்டோம். தெரிந்தே விட்டோம். திட்டுங்கள். ஏழு மாதம் தூங்காமல் இருந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள். அந்த நாட்களில் ஒரு லென்ஸ்கூடப் பிசகவில்லை. "இப்பதான்யா மனுஷன் மாதிரி இருக்க" என்றார் முதலாளி. இரவில் பயப்பட நேரமே இல்லை. படுத்ததும் யாரோ என்னைத் தூக்கிக்கொள்வார்கள்.

அவள்தான் முதலில் கவனித்தாள்.

"இவன் என்கிட்ட வர மாட்டேங்கறான்" என்றாள் ஒரு மாலையில். "பாட்டில நீட்டினா தலையைத் திருப்பிக்கறான். பாரேன், புதுசா வந்த ஆளப் பாக்கற மாதிரி பாக்கறான்."

"பல்லு முளைக்குதா இருக்கும்."

"என் புள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதா? நாம தூங்கறதுக்கு யாருகிட்ட இவன விட்டு வச்சிருக்கோம்?"

முப்பத்து நான்காவது இரவு. 3.00 மணிக்கு அவள் எழுந்து போனாள். தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முதுகைச் சுவரில் அழுத்தித் தரையில் உட்கார்ந்தாள். நான் கதவருகில் நின்றேன். இந்த முறை நின்றேன்.

3.10.

ஆபீசர் விழித்தான். அழுதான். உடம்பை வில்லாக வளைத்தான். அவள் விடவில்லை.

"நான் இருக்கேன்" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "நானே பாத்துக்கறேன். போதும்."

வெறுங்கால் சத்தம் அவளிடம் வந்தது.

அவள் எதிரில் நின்றது.

நின்றுகொண்டே இருந்தது...

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் அண்ணாந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்த்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

குழந்தை 5.50 வரை அழுதான். வெளிச்சம் வந்ததும் நோட்டைப் பார்த்தேன்.

"3.10. குடிக்கவில்லை."

ஒன்பது நாட்களில் வீடு மாறினோம். அந்த ஒன்பது இரவும், புது வீட்டில் இரண்டு மாதமும் அவள் அவனைக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் கண் அயரும் நேரம் நான். மறுபடியும் கண்ணுக்குக் கீழே கருவளையம், மறுபடியும் முதலாளியின் முறைப்பு. பரவாயில்லை. நோட்டில் எங்கள் இரண்டு பேர் வரிகள் மட்டும்தான் இருந்தன. மெல்ல மெல்ல அவன் அவளிடம் பாட்டில் வாங்கிக் குடித்தான். ஒரு நாள் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். அவள் அன்று முழுக்க மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போன மாதம், பழைய வீட்டுக்காரரிடம் கேட்டு, எங்களுக்கு முன்பு அங்கே இருந்தவர்களின் நம்பரை வாங்கினேன். ஓர் அம்மா பேசினார். நிதானமான குரல். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறினேன். அவரே கேட்டார்.

"உங்க வீட்லயும் சின்னக் குழந்தையா?"

"ஆமாங்க."

"நல்லா தூங்கினீங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நாங்க ரெண்டு வருஷம் தூங்கினோம்" என்றார். "யாருன்னு கேக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரர் நான்னு நெனச்சாரு, நான் அவருன்னு நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சும் விட்டுட்டோம். இப்ப பையனுக்கு ஏழு வயசு. நல்லா படிக்கறான். ஒரு குறையும் இல்ல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தினம் ஸ்கூல் விட்டு வந்து பையைக் கழட்டி வச்சிட்டு, என் மூஞ்சியப் பாத்து, 'அம்மா எங்க'ன்னு கேப்பான்."

இதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை.

எங்கள் மகனுக்கு இப்போது பதினான்கு மாதம். அப்பா என்கிறான். பந்து, நாய், தண்ணி சொல்கிறான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் தினமும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மாலை 6.40-க்குச் சொன்னான். தெளிவாக. அவள் சமையலறையில் இருந்தாள். ஈரக் கையோடு ஓடி வந்து, பின்னாலிருந்து அவனை அள்ளி எடுத்து, முத்தமாகக் கொடுத்தாள்.

"சொன்னானா? என்னைத்தானே சொன்னான்?"

சொல்லும்போது அவன் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அறையின் மூலையில், ஆள் உயரத்தில் எதையோ அண்ணாந்து பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"உன்னைத்தான்" என்றேன்.