டைகருக்குச் சுட்ட பிஸ்கட்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் டைகர். பெயரில் இருந்த புலி உடலில் எங்கும் இருந்ததில்லை. சாந்தோம் மாதா கோயில் மணி அடித்தால் அப்பாவின் நாற்காலிக்கடியில் புகுந்துகொள்ளும் அந்தப் பழுப்பு நிற ஜீவன், குப்பத்துப் பெண்கள் வீசியெறியும் கருவாட்டுத் தலைகளைத் தின்றே வளர்ந்தது. எனக்குப் பத்து வயதான ஆண்டில் அதன் முதுகில் முடி உதிர்ந்தது, தோல் சிவந்தது, ஓயாமல் சொறியத் தொடங்கியது. தெருமுனையில் குடியிருந்த கால்நடை வைத்தியர் வந்து பார்த்தார். உப்பு கூடாது, சர்க்கரை கூடாது, காரம் கூடாது, கடையில் வாங்கியது எதுவும் கூடாது என்று நான்கு தடைகளை விதித்துவிட்டு, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார்.

அதே மாதத்தில் இன்னொரு வைத்தியர் அப்பாவுக்கும் ஏறக்குறைய அதே தடைகளை விதித்தார். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. புதுச் செருப்பு கடித்த குதிகால் புண், வாரங்கள் பல கடந்தும் காயவில்லை. “இப்படியே விட்டா கால எடுக்கற மாதிரி ஆயிடும்மா” என்று வைத்தியர் அம்மாவிடம் தனியே சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டேன். கேட்டேன்; மறந்தும்விட்டேன்.

நாய் தன் தடைகளை ஏற்றுக்கொண்டது. அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெண்ணெய் பிஸ்கட் பொட்டலம் ஒன்று அவர் கையில் தவறாமல் தொங்கியது. அம்மா கேழ்வரகுக் கஞ்சியை நீட்டியபோது அவர் முகம் இறுகியது.

“என்னை என்ன ஆஸ்பத்திரி வார்டுல சேத்துட்டியா? கொண்டுபோய் டைகருக்கு ஊத்து.”

“சரிங்க” என்றாள் அம்மா. அப்படியே கொண்டுபோய் ஊற்றினாள்.

அம்மாவுக்கு வாதாடத் தெரியாது என்பது அந்நாளில் என் அசைக்க முடியாத கருத்து. எனக்கோ வாதாடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெருவுக்குத் தெரு மேடை எழுந்த காலம் அது; அடுக்குமொழி பேசத் தெரிந்தவரே ஆற்றல் மிக்கவர் என்று ஊரே நம்பிய காலம். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இரண்டு கோப்பைகள் வென்றிருந்த நான், “நடுவர் அவர்களே” என்று தொடங்காமல் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. இன்று கல்லூரி மேடைகளில் என்னை எதிர்க்கட்சியாகப் பெறும் நண்பர்கள், நான் பட்ட தோல்வி ஏதேனும் உண்டா என்று வினவுவார்கள். தோல்வி இல்லை. சொல்லிக்கொள்ள முடியாத வெற்றி ஒன்று உண்டு.

கஞ்சி ஊற்றிய அந்த வாரமே அம்மா டைகருக்கென்று பிஸ்கட் செய்யத் தொடங்கினாள். வறுத்த கேழ்வரகு மாவு, சலிக்காத ரேஷன் கோதுமை மாவு, துருவிய கேரட், ஒரு முட்டை. பிசைந்து, சப்பாத்திப் பலகையில் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக அழுத்தித் தகரத் தட்டில் அடுக்குவாள். வீட்டில் இருந்ததோ மண்ணெண்ணெய் ஸ்டவ். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டுக்கு வீடு கேக் மாவைத் தட்டில் ஊற்றி ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோவார்கள். காலை ரொட்டி வெந்து இறங்கியபின் விறகடுப்பில் மிஞ்சும் சூட்டில் வீட்டுத் தட்டுகள் வேகும். அந்த வழக்கத்தை அம்மா ஜூலை மாதத்துச் சனிக்கிழமைகளுக்கும் நீட்டினாள். தட்டுகளைச் சுமந்து சென்றது நான்.

“இன்னா பாப்பா, இப்பவே கிறிஸ்மசா?” என்று ரொட்டிக்கடைக்காரர் சிரித்தார்.

“எங்க நாய்க்கு பிஸ்கட்.”

அவர் தட்டை மூக்கருகே கொண்டுபோனார். “நாய்க்கு ஏலக்கா வாசனை வேற கேக்குதா? ரெண்டு தட்டு கீது. நாயி ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணுதான்.”

“குடுத்து வெச்ச நாயி, போ! என் ஊட்டுக்காரி எனக்கு ஏலக்கா போட்டு ஒரு டீ குடுத்ததில்ல.”

இதை அம்மாவிடம் ஒப்பித்தேன். வாசனை இருந்தால்தான் டைகர் சாப்பிடும் என்றாள். வெந்த பிஸ்கட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் உயரத்தில் வைத்தாள். நாய் அங்கேதானே படுக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னாள்.

நாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு என்பது கணக்கு. சனிக்கிழமை நிரம்பிய டப்பாவோ வியாழக்கிழமையே காலியாயிற்று. களவு நடக்கிறது என்று தெளிந்தேன். ஒரு மாலை, சன்னலுக்கு வெளியே நின்று உளவறிந்தேன். உள்ளே அப்பாவின் குரல் தணிந்து ஒலித்தது.

“இந்தா, உனக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. அவகிட்ட மூச்சு விட்டே, தெரியும் சேதி.”

டைகர் வாலை ஆட்டி வாக்குறுதி அளித்தது.

வெண்ணெய் பிஸ்கட் பொட்டலம் வீட்டுக்கு வந்து வாரக் கணக்காகிவிட்டது என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை. அதையும் அவருக்கு எதிரான சான்றாகவே குறித்துக்கொண்டேன்: தமக்கென்று வாங்குவதை நிறுத்திவிட்டு, வாயில்லாப் பிராணியின் சொத்தில் கைவைக்கிறார்!

மூச்சிரைக்க அம்மாவிடம் ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்குத் தெரியும்டி. நீ பாத்தத யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அப்பாகிட்டயும்தான். என்ன?”

தலையை ஆட்டினேன். ஆனால் கிடைத்த சான்றைப் புதைத்துவைக்கும் பொறுமை எந்தப் பேச்சாளருக்கு உண்டு? ஞாயிறு பூசை முடிந்து அத்தையும் மாமாவும் சாப்பிட வந்திருந்தார்கள். அவையைக் கண்டதும் நா துடித்தது. முக்காலியின்மேல் ஏறினேன்.

“நடுவர் அவர்களே! நாவிருந்தும் பேச இயலாத ஒரு நாயின் சார்பில் நிற்கிறேன். ஊருக்கு நீதி சொல்லும் ஒருவர், தம் காலடியில் கிடப்பதன் உணவைக் கவர்ந்துண்பது அறமா? அடுக்குமா? அந்தக் கள்வர் யாரென்று கேட்பீர்கள். இதோ, நாற்காலியில் வீற்றிருக்கிறார்!”

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா கையைத் தட்டினார். “மச்சான், தின்னா மட்டும் போதுமா? எங்க, ஒரு தடவ குரைச்சுக் காட்டுங்க!”

அப்பாவும் சிரித்தார். அவர் காதுகள் சிவந்திருந்தன. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எறங்குடி. சோறு ஆறுது” என்றாள்.

மறுநாள் மாலை அப்பாவின் கையில் வெண்ணெய் பிஸ்கட் பொட்டலம் திரும்பி வந்தது. வியாழக்கிழமையும் டப்பா நிறைந்தே இருந்தது. நீதி நிலைநாட்டப்பட்டதென்று நான் பூரித்தேன். குதிகால் கட்டை அவிழ்த்த அம்மா, காயத் தொடங்கியிருந்த புண் மறுபடி ஈரமாகியிருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தொடர்பற்ற செய்தியாகத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை தட்டுகள் மூன்றாயின. மாலையில் அப்பா பொட்டலத்தை மடியில் வைத்து நூலைப் பிரிக்கப்போகும் வேளையில், ஒருநாளும் டீ நேரத்தில் உட்கார்ந்தறியாத அம்மா, டப்பாவோடு வந்து அவர் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள். டைகருக்கு ஒன்று போட்டாள். தான் ஒன்றைக் கடித்தாள். என் கையில் ஒன்றைத் திணித்தாள்.

“இது நாய் பிஸ்கட்மா!”

“தெரியும். நானும் அதத்தான் திங்கறேன். தின்னு.”

“நடுவர் அவர்களே” தொண்டை வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போயிற்று. கடித்தேன். இனிப்பில்லை, உப்பில்லை; மெல்ல மெல்ல மாவு பல்லில் ஒட்டியது. அவமானத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது.

மூவரும் மென்றுகொண்டிருந்ததை அப்பா மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன, குடும்பமே குரைக்கப் போகுதா?”

“நீங்களும் சேந்துக்கிட்டா நல்லா இருக்கும்” என்றாள் அம்மா.

அப்பா உரக்கச் சிரித்தார். பிரிக்காத பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அம்மா டப்பாவைத் துழாவி, விளிம்பு கருகாத ஒன்றாகப் பார்த்தெடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. தான் சுட்டது தனக்கே பிடிக்கவில்லை போலும் என்று முடிவு கட்டினேன்.

பின்னர் அவள் எழுந்துபோய் டீ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்கில் வென்றவளுக்குத் தண்டனையும் தோற்றவருக்கு நல்ல பிஸ்கட்டும் தரும் இந்த வீட்டில், கடைசியில் அம்மாவின் குற்றமும் ஒன்று என் கையில் சிக்கிவிட்டது.

“அம்மா! யாருக்குமே சக்கரை போடல. மறந்துட்ட!”

“மறந்துட்டேனா?” என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“எனக்குச் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லி, அப்பா டம்ளரைக் காலி செய்தார்.

பெரியவர்கள் இருவருக்கும் நாக்கு மரத்துவிட்டது என்று நான் டைகரிடம் தனியே சொன்னேன்.